முதல் சில நிமிடங்கள்

(வீரசோழனில் நடைபெற்ற நண்பர்கள் கூடுகையில் நமது ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை)



ஆராய்ச்சிக்கூடங்களில் நேரிடும் விபத்துகளைக் குறித்து வீரசோழனில் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். நம்முடையது மானாவாரி பூமி. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் மிளகாய், பருத்தி, கருவேலங்கரி. ஆனாலும் நம் பிள்ளைகள் படித்துவிட்டு எங்கெங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மருந்துக் கம்பெனிகளின் பரிசோதனைக்கூடங்கள், கல்லூரி வேதியியல் கூடங்கள், கல்பாக்கம், பெங்களூரு. நமக்கு அருகிலேயே கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடம் என்றால் விஞ்ஞானிகள் மட்டும் அல்ல. வயலில் மருந்தடிக்கிறவர், கண்ணாடிக் குப்பி கழுவுகிற அம்மா, சிலிண்டர் உருட்டி வருகிற தம்பி, இரவுக் காவலர் எல்லாரும் அங்கே வேலை செய்கிறார்கள். 2018 டிசம்பர் 5 அன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கூடம் ஒன்றில் வாயு சிலிண்டர் வெடித்து ஓர் இளம் ஆராய்ச்சியாளர் மாண்டார், மூவர் படுகாயமடைந்தார்கள். அப்படிப்பட்ட செய்தி நாளை நம் தெருவில் ஒரு வீட்டுக்கும் வரலாம்.

ஆகவே நாம் இன்று ஒரே ஒரு காரியத்தை மனதில் பதித்துக்கொள்வோம். விபத்து நேர்ந்தபின் வரும் முதல் சில நிமிடங்கள் டாக்டர் கையில் இல்லை. பக்கத்தில் நிற்கிறவர் கையில் இருக்கின்றன. அந்த நேரத்தில் அன்பு வேண்டும். அன்போடு பழக்கமும் வேண்டும்.

2008 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 23 வயதுப் பெண் ஒருவர் ஆராய்ச்சி உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு திரவத்தை ஊசிக்குழலில் உறிஞ்சும்போது குழலின் பிடி கழன்றுவிட்டது. பாதுகாப்புக் கோட்டு அணியவில்லை; செயற்கை நூல் ஸ்வெட்டர் அணிந்திருந்தார். அதில் தீப்பற்றியது. ஓடிவந்த சக ஊழியர் தம் கோட்டைக் கொண்டு தீயை அணைக்கப் பார்த்தார். அவசரத்துக்கென்றே அங்கே பொருத்தியிருந்த குளிப்புக் குழாயின் கீழ் அவரை யாரும் கொண்டுபோய் நிறுத்தவில்லை. 18 நாள் கழித்து அந்தப் பெண் இறந்துபோனார்.

உதவிக்கு ஓடிவந்தவரைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. பதற்றத்தில் நமக்குப் பழகின காரியம்தான் கைக்கு வரும். ஒரு தரமாவது இழுத்துப் பார்க்காத குழாய், பத்தடி தூரத்தில் இருந்தாலும் பத்து மைலுக்கு அப்பால் இருக்கிற மாதிரிதான்.

சில ஆபத்துகள் கண்ணுக்கே தெரியாது. 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கத்தில் அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதானது. கதிர்வீச்சு மிகுந்த கழிவுத் திரவம், கதிர்வீச்சு குறைந்த கழிவு இருக்கவேண்டிய தொட்டிக்குள் புகுந்துவிட்டது. அங்கே கதிர்வீச்சை அளந்து எச்சரிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. ஊழியர் ஆறு பேர் அனுமதித்த அளவுக்கு மேல் கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். எரியவும் இல்லை, நாறவும் இல்லை. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதற்கு வைத்திருக்கிற திரவ நைட்ரஜனும் அப்படிப்பட்டதே. மூடின அறையில் கசிந்தால் மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும். வாசனை எதுவும் இராது. உள்ளே ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்து நாம் ஓடினால் நாமும் அவர் பக்கத்தில் விழுவோம். பாழுங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி மடிகிற செய்தியைப் பத்திரிகையில் எத்தனை தரம் வாசித்திருக்கிறோம்!

நம் மாவட்டத்திலேயே 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளிகள் அல்லர். தீயைக் கண்டு உதவிக்கு ஓடினவர்கள், வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள். அடுத்த வெடிப்பில் அகப்பட்டுக்கொண்டார்கள். நல்ல மனம் படைத்தவர்களே நம்மை விட்டுப் போனார்கள்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? முதலாவது, நின்று பாருங்கள். இடம் ஆபத்தில்லாதது என்று தெரிந்தபின் நெருங்குங்கள். கூப்பிட்டு ஆள் சேருங்கள். ஒருவர் 108-க்குச் சொல்லட்டும். மின்சாரம் தாக்கினவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். வாயு கசிந்த அறைக்குள் மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் நுழையவேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர். அமிலமோ காரமோ மேலே பட்டால், அந்தத் துணியைக் கழற்றிவிட்டு ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு போன்ற தூளானால் முதலில் தட்டிவிட்டுப் பிறகு கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக் கழுவவேண்டும். தீப்புண்ணுக்கும் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரே நல்லது. மையும் பற்பசையும் மஞ்சளும் பூசி வருகிறவர்களை நாங்கள் இன்றும் பார்க்கிறோம். அதைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி படுகிற வேதனை சொல்லிமுடியாது.

மூன்றாவது, பூச்சிமருந்து. மருந்து நனைந்த துணியைக் கையுறை போட்டுக் கழற்றுங்கள். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ மறவாமல் கூடவே கொண்டுவாருங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்கு அரை வேலை முடிந்தது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இது எங்கள் ஊழியத்தைச் சேர்ந்தது. பெரிய விபத்துக்குப் பின் வார்டு வராந்தாவில் ஒருவர் தனியே நிற்பார். உடம்பில் காயம் இராது. அவரே பக்கத்தில் இருந்தவர். "நான் வேறே மாதிரி செஞ்சிருந்தா பிழைச்சிருப்பானா, ஐயா?" என்று கேட்பார். அவருக்கு உடனே பதில் சொல்லி முடித்துவிடாதீர்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், ஒரு வாய் சாப்பிடவையுங்கள். விசாரணை அதன் வழியில் நடக்கட்டும், தெருவில் நாம் தீர்ப்புச் சொல்லவேண்டாம். ஒரு மாதம் கழித்து எல்லாரும் மறந்தபின் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

நல்ல சமாரியன் கதையை நாம் சிறுவயதிலிருந்து அறிவோம். அடிபட்டவனை அவன் கண்டவுடன் சத்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. வழியிலேயே காயங்களைக் கட்டினான். பிறகு சத்திரத்தில் சேர்த்தான். அதற்கான செலவையும் கொடுத்தான். சத்திரத்தின் வேலையை நாங்கள் செய்கிறோம். அதன் செலவை நண்பர்களாகிய நீங்கள் தாங்குகிறீர்கள். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் வழியில் காயம் கட்டுகிற வேலையை எந்த ஆஸ்பத்திரியும் உங்களுக்காகச் செய்ய முடியாது.

ஆகையால் இன்று இரவு, வெளியூரில் வேலை செய்கிற மகனுக்கோ மகளுக்கோ போன் செய்யும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்: "நீ வேலை பார்க்கிற இடத்தில் அவசரக் குளிப்புக் குழாய் எங்கே இருக்கிறது? மெயின் சுவிட்ச் எங்கே? வெளியே போகிற வழி பூட்டாமல் இருக்கிறதா?" தெரியாது என்று பதில் வந்தால், நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கர்த்தர் நம் பிள்ளைகளைக் காத்து நடத்துவாராக.