அழுகைக் கோச்சியும் ஒரு கொரிய ஒளிபரப்பும்

எங்கள் கல்லூரியில் உயர்தரம் முடித்த மாணவன் ஒருவன் சென்ற மாதம் கந்தப்பளையில் என் வீட்டுக்கு வந்திருந்தான். தென்கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சை எழுத வேண்டுமாம். நுவரெலியாவுக்குப் போய்க் கொரிய மொழி படிக்கிறான். "சேர், அவங்க பாட்டெல்லாம் எனக்குப் பாடம்" என்றான். அந்த நாட்டின் கதை தெரியுமா என்று கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்ல வந்தேன்.

நம் முதியவர்களுக்குக் கொரியா என்றால் ரப்பர் ஞாபகம். 1950இல் அங்கே போர் மூண்டதும் இங்கே ரப்பர் விலை ஏறியது. அதற்கு மேல் நாம் அந்த நாட்டைப் பற்றி விசாரித்ததில்லை. அந்த மூன்றாண்டுப் போரில் அங்கே எண்ணற்ற குடும்பங்கள் சிதறின. அகதிகள் ஓடிய பாதையில் தாயின் கையை நழுவவிட்ட பிள்ளைகள், அநாதை விடுதியில் வேறு பெயரில் வளர்ந்தார்கள். 1953இல் சண்டை ஓய்ந்தது; தேடல் ஓயவில்லை.

30 ஆண்டுகள் கழித்து, 1983 ஜூன் 30 இரவு, கே.பி.எஸ். தொலைக்காட்சி 95 நிமிட விசேட நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. பிரிந்தவர்கள் கலையகத்துக்கு வந்து தம் உறவுகளைப் பற்றிப் பேசலாம். அவ்வளவுதான் திட்டம். அந்த 95 நிமிடம் நவம்பர் 14 வரை, 138 நாட்களாக, 453 மணி 45 நிமிட நேரடி ஒளிபரப்பாக நீண்டது. நிலையத்தின் சுவரெல்லாம் மக்கள் ஒட்டிய காகிதங்கள். 10,189 குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. அந்த ஒளிநாடாக்களையும் காகிதங்களையும் 2015இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

தமிழாசிரியனாகிய எனக்கு இந்த எண்களைவிட அவர்கள் பேசிய பேச்சே பெரிது. திரையின் ஒரு பாதியில் சியோலில் அண்ணன். மறுபாதியில் வேறொரு நகரத்துக் கலையகத்தில் தங்கை. இருவரும் ஒருவரையொருவர் விசாரிக்கிறார்கள். வீட்டு முன்னால் என்ன மரம் நின்றது? அப்பா என்ன தொழில் செய்தார்? உனக்கு எங்கே சுட்டது? பதில் பொருந்திய கணத்தில் கேள்வி நின்றுவிடுகிறது, அழுகை தொடங்குகிறது. கம்பனிலே இராமன் அனுமனிடம் கணையாழியை மட்டுமா கொடுத்தனுப்புகிறான்? சீதைக்கு மட்டுமே தெரிந்த பழைய சங்கதிகளையும் சொல்லி அனுப்புகிறானே, அந்த அடையாளங்கள்தாம் இவையும்.

சேர்ந்தவர்கள் எல்லோரும் சுகமாக வாழ்ந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இம் குவோன் தேக் இயக்கிய 'கில்சோத்தும்' என்ற திரைப்படம் இந்த ஒளிபரப்பைப் பின்னணியாகக் கொண்டது. தொலைந்த மகனைத் தாய் கண்டுபிடிக்கிறாள். அவனோ முரடனாக வளர்ந்திருக்கிறான். இரத்தப் பரிசோதனை அவள் பக்கம் சாய்ந்தும், அவனை ஏற்காமலே திரும்பிவிடுகிறாள். இன்னொன்று: வடக்கில் அகப்பட்டவர்களை அந்த ஒளிபரப்பால் எட்ட முடியவில்லை.

அங்கே குடும்பங்கள் கூடிக்கொண்டிருந்த அதே 1983இன் ஜூலையில் இங்கே என்ன நடந்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. மலையகத்துக்கோ பிரிவு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1948இல் பிரஜாவுரிமை போயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் சனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அதற்கப்பால் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். பிறகு கூடலூரோ கோத்தகிரியோ, யாருக்குத் தெரியும்?

நம் எழுத்தாளர்கள் இதை எழுதாமல் இல்லை. கதையிலும் கவிதையிலும் அந்தக் கோச்சி இன்னும் ஓடிக்கொண்டுதானிருக்கிறது. ஆனால் மேடை ஏறினால் 'நாங்கள்', 'எமது சமூகம்' என்று பேசுகிறோமே தவிர, ஓர் ஆளின் தழும்பைச் சொல்வதில்லை. நானும் அப்படித்தான் பேசி வந்திருக்கிறேன்.

என் அப்பாவின் அக்கா 1972இல் போனவர். புருஷன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள், நாங்கள் இலங்கைக்கு. மண்டபத்திலிருந்து இரண்டு கடிதம், கூடலூரிலிருந்து ஒன்று. பிறகு இல்லை. அப்பாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. இலங்கை வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கும்போது மட்டும் கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். பெயர்களும் ஊர்களும் வருமல்லவா? 1998இல் கண் மூடும்வரை அந்தப் பழக்கம் விடவில்லை.

இந்த ஒலிபரப்பு கடல் கடந்து கேட்குமா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு வயது எண்பதை நெருங்கியிருக்கும். இடது முழங்கையில் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு. லயத்தில் எல்லோரும் 'சின்னப்புள்ள' என்றே கூப்பிடுவார்கள். பீலிக்கரையில் ஒரு பேரிக்காய் மரம் நின்றது. அதிலிருந்து விழுந்து மூன்று நாள் பிரட்டுக்குப் போகவில்லை. தம்பி இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார்.