கூலிக்கொலையாளி கதைத்தலைவனாகும்போது
தலைமை உரை, உடையார்கட்டு

கூலிக்கொலையாளியைக் கதைத்தலைவனாகக் கொண்ட புனைவில், கொன்றது யார் என்ற கேள்விக்கு இடமில்லை. அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. கொல்பவனுக்கும் சாகிறவனுக்கும் இடையில் காணித் தகராறு இல்லை, காதல் இல்லை, பழைய பகை இல்லை; பணம் மட்டுமே இருக்கிறது. ஆகவே வாசகர் தேட வேண்டியவர் பணம் கொடுத்தவர். அந்தத் தேடலில் கதை இறங்குகிறதா, சுடுபவனின் கைத்திறனை வியந்து நின்றுவிடுகிறதா என்பதை வைத்தே இவ்வகைப் புனைவின் தரத்தை மதிப்பிட வேண்டும்.

ஏர்னெஸ்ட் ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட ‘கொலையாளிகள்’ சிறுகதையில் இருவர் ஒரு சிற்றுண்டிச்சாலைக்குள் வந்து அமர்கிறார்கள். சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்துக் கேட்கிறார்கள், கடைக்காரரைச் சீண்டுகிறார்கள், தாங்கள் கொல்லப்போகும் குத்துச்சண்டை வீரன் வரும்வரை காத்திருக்கிறார்கள். அவன் வரவில்லை. செய்தி அறிந்தும் ஓடாமல், தன் அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். யார் அனுப்பினார் என்பது கடைசிவரை சொல்லப்படுவதில்லை. கொலை ஒரு நாட்கூலி வேலையைப் போல நடக்கக்கூடியது என்பதை இத்தனை குறைந்த சொற்களில் காட்டிய கதை வேறு அரிது.

கிரகாம் கிரீனின் ‘விற்பனைக்கு ஒரு துப்பாக்கி’ (1936) இதைவிட ஒரு படி மேலே ஏறுகிறது. அதன் தலைவன் ரேவன், பிளவுபட்ட உதட்டோடு பிறந்து எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன். போர்த்துறை அமைச்சர் ஒருவரைக் கொன்றுவிட்டுக் கூலி வாங்குகிறான். அவனுக்குக் கொடுக்கப்பட்டவை திருட்டு நோட்டுகள். ஏமாற்றப்பட்ட ஆத்திரத்தில், பணம் வந்த வழியிலேயே திரும்பிச் செல்கிறான். இடைத்தரகரைத் தாண்டிப் போனால், போர் வந்தால் இலாபம் பார்க்கக் காத்திருக்கும் எஃகு முதலாளி அங்கே அமர்ந்திருக்கிறார். இரண்டாம் உலகப் போருக்கு மூன்று ஆண்டுகள் முன்பு எழுதப்பட்ட நாவல் இது. ஒரு பரபரப்புக் கதையின் சட்டகத்துக்குள் அரசியல் பொருளியலை இவ்வளவு இயல்பாகக் கொண்டுவர முடியும் என்பதற்கு இன்றும் இதுவே தலைசிறந்த சான்று.

பிரெடரிக் போர்சைத்தின் ‘ஜக்கலின் நாள்’ (1971) வேறு பாதையில் சென்றது. ஜக்கல் என்ற கூலிக்கொலையாளி கொல்ல முயலும் பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல், பதவி விலகியபின் 1970இல் இயற்கையாகவே இறந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். எனவே கொலை முயற்சி தோற்கும் என்பதும் தெரியும். ஆனாலும் நூலைக் கீழே வைக்க முடிவதில்லை. ஐந்து இலட்சம் டொலர் கூலி, அதில் பாதி முன்பணம், இறந்துபோன குழந்தையின் பெயரில் பெறும் கடவுச்சீட்டு, தனியே செய்வித்த துப்பாக்கி என ஆயத்தங்களே கதையாகிவிடுகின்றன. ஜக்கலின் உண்மைப் பெயர்கூடத் தெரியாமலே நாவல் முடிகிறது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான நாவல்கள் இந்தச் செய்ம்முறை விவரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிரீனின் கேள்வியை விட்டுவிட்டன. இது இவ்வகைமைக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

தமிழில் குற்றப்புனைவு துப்பறிபவனின் பக்கம் நின்றே வளர்ந்தது. ஜே.ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்த்தும், ராஜேஷ்குமாரின் விவேக் என வாசகர் மனத்தில் நிலைத்த பெயர்கள் எல்லாம் சட்டத்தின் பக்கத்தவை. மாத நாவல்களில் கூலிக்கொலையாளி வந்து போகும் கருவி. முதல் அத்தியாயத்தில் கத்தியோடு வருவான். நடுவில் பிடிபடுவான் அல்லது தானும் கொல்லப்படுவான். அவனுக்கு ஒரு தாய், ஒரு ஊர், ஒரு பசி உண்டு என்பதற்கு அந்தத் தொண்ணூறு பக்கங்களில் இடம் இருந்ததில்லை.

நிஜ வாழ்க்கையிலோ தமிழர் பேசித் தீராத வழக்கு ஒன்று உண்டு. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். சதிக் குற்றச்சாட்டில் திரை நடிகர்களான தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947இல் விடுதலையானார்கள். ஏவியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை நாடே அறியும். குத்தியவர் யார் என்று கேட்பாரில்லை. கூலிக்கொலைக் கதைக்கு இதைவிட வளமான வித்து கிடைப்பது அரிது.

கொலையாளிக்கு முகம் கொடுத்தது தமிழ்த் திரைதான். ‘பட்டியல்’ (2006) கூலிக்குக் கொல்லும் இரு நண்பர்களைத் தலைவர்களாக்கியது. ‘சுப்பிரமணியபுரம்’ (2008) 1980இன் மதுரையில், அரசியல் குடும்பம் ஒன்றுக்காகக் கொலை செய்து கைவிடப்பட்ட இளைஞர்களைக் காட்டியது. அங்கே கூலிகூடக் கிடைப்பதில்லை, நன்றி என்ற பெயரில் ஏவல் நடக்கிறது. மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) இன்னும் ஆழம் சென்றது. தவறுதலாக ஓர் அப்பாவியைக் கொன்ற கூலிக்கொலையாளி, அந்த இளைஞனின் பார்வையற்ற குடும்பத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்கிறான். இடுகாட்டில் ஒரு குழந்தைக்கு ஓநாய்க் கதையாகத் தன் குற்றத்தைச் சொல்லும் காட்சியில், இறந்தவனின் வீடு முதன்முறையாகக் கொலையாளியின் கதைக்குள் வந்து அமர்கிறது.

இலங்கையில் இப்பொருள் நாளிதழின் முதற்பக்கத்தில் இருக்கிறது. 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி வேடத்தில் வந்த துப்பாக்கிதாரி, பாதாள உலகக் குழுத் தலைவர் எனப்பட்ட கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றார். உள்ளே குடைந்த சட்டப் புத்தகத்தில் வைத்துத் துப்பாக்கி கொண்டுவரப்பட்டது. அந்தப் புத்தகம் எல்லார் கண்ணிலும் பட்டது. ஏவியவரைத் தேடுவது நெடுநாள் வேலை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கொன்றவரோடு உடந்தையாக இருந்தவரையும் சதி செய்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது. ஆனால் சான்று எட்டுவது பெரும்பாலும் துப்பாக்கி பிடித்த கைவரை மட்டுமே. 2000 ஒக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு வேளையில் தன் வீட்டில் சுடப்பட்ட ஊடகவியலாளர் நிமலராஜனின் வழக்கில் அந்தக் கைகூட நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை.

வன்னி வாசகர் இவ்வகைப் புனைவை வேறு விதமாகவே படிப்பார். 2009 ஜனவரியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் இருந்தது. அதே மாதம் இங்கு இயங்கிய மருத்துவமனை வளாகத்தில் எறிகணைகள் விழுந்தன. சாவைச் செத்தவர் பக்கத்திலிருந்து கண்ட ஊர் இது. ஒரு கொலையாளி எவ்வளவு நேர்த்தியாகக் குறிபார்த்தான் என்ற வருணனை இங்கு எடுபடாது. யார் சொல்லி, எதற்காக, யாருடைய பிள்ளை என்ற மூன்றுக்கும் விடை தேடும் கதையே இங்கு நிற்கும். அப்படி ஒரு நாவல் எழுதப்பட இம்மண்ணைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஆய்வுக்கும் இங்கு வேலை இருக்கிறது. வீரகேசரி நிறுவனத்தின் ‘மித்திரன்’ பல தலைமுறை இலங்கை வாசகருக்குக் குற்றத் தொடர்கதைகளை அளித்தது. வீரகேசரிப் பிரசுரங்களும் மலிவுப் பதிப்புகளும் வாசிகசாலை தோறும் கைமாறின. இலக்கிய வரலாற்று நூல்கள் இவற்றைப் பெரிதாகக் கொள்ளவில்லை. இடப்பெயர்வுகளில் ஏராளம் அழிந்தும் போயின. இவ்வரங்கில் கூடியுள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊர்களில் எஞ்சியிருக்கும் பழைய பிரதிகளைத் தேடி எடுத்து, 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் சேர்ப்பிக்க வேண்டும். அட்டை கிழிந்திருந்தாலும், பக்கங்கள் குறைந்திருந்தாலும் சேர்ப்பிக்க வேண்டும்.