கூப்பிட்டால் எழுந்து வரும் சர்வர்

ரயில் டிக்கெட் எடுக்கும் தளமோ, துணிக்கடைத் தளமோ, எதுவானாலும் ஊர் பார்ப்பதற்கு முன்னால் அதை எழுதியவருடைய கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்த்திருப்பார்கள். அங்கே பக்கத்தைக் கேட்கும் பிரவுசரும் அதைக் கொடுக்கும் சர்வரும் ஒரே பெட்டிக்குள்தான். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் அது 127.0.0.1 என்ற முகவரிக்குப் போகும். அதற்கு இணைய இணைப்புகூட வேண்டாம்.

ஆனால் கொடுக்கிறவர் எழுந்திருக்க வேண்டுமே! கணினியை ஆன் செய்ததும் வெப் சர்வரை ஓட விட வேண்டும், பிறகு டேட்டாபேஸை ஓட விட வேண்டும். ஒன்றை மறந்தாலும் பக்கம் வராது. புதிதாகப் படிக்கிற பிள்ளைகள், சர்வர் ஓடவில்லை என்பதே தெரியாமல், எழுதிய நிரலில்தான் பிழை என்று வரிவரியாகத் தேடுவார்கள்.

இந்த வேலையைக் கணினியிடமே விட்டுவிட வழி உண்டு. 2002-இல் வந்த சாம்ப் என்ற இலவசத் தொகுப்பை நம் கல்லூரி மாணவர்கள் பலர் அறிவார்கள். விண்டோஸில் அதன் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தால் வெப் சர்வரான அப்பாச்சி, டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் பெயர்களுக்குப் பக்கத்தில் சர்வீஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் வைத்துவிட்டால் போதும், விண்டோஸ் எழும்போதே இவையும் எழுந்துவிடும். லினக்ஸில் இதே வேலையைப் பார்க்கும் சிஸ்டம்டி என்ற நிரலுக்கு ஒரே ஒரு கட்டளை போதும். மேக் கணினியில் 2005 முதல் லாஞ்ச்டி என்ற நிரல் இதைக் கவனிக்கிறது.

அப்பாடா, தொல்லை விட்டது என்று தோன்றும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

நாலு மாதம் முன்பு முடித்த வேலைக்கான டேட்டாபேஸ், இன்றைக்கு நீங்கள் வெறும் கடிதம் தட்டச்சு செய்யும்போதும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடுத்தது போர்ட் சண்டை. போர்ட் என்பது ஒரு வாசல் எண் மாதிரி; ஒரு முகவரியில் ஒரு போர்ட் எண்ணை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் வைத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் அப்பாச்சிக்கு வேண்டிய 80-ஆம் எண்ணை ஸ்கைப் பிடித்துக்கொள்ளும்; அப்பாச்சி கிளம்பவே கிளம்பாது. காரணம் புரியாமல் சர்வரை அழித்து மறுபடி நிறுவியவர்கள் எத்தனையோ பேர்!

இதற்கு நல்ல பதில் 1980-களிலேயே யூனிக்ஸ் உலகில் இருந்தது. ஐநெட்டி என்று அதற்குப் பெயர். அடுக்குமாடி வீட்டு வாட்ச்மேன் மாதிரி அது ஒன்று மட்டும் வாசலில் விழித்திருக்கும். யாரைத் தேடி ஆள் வருகிறதோ, அவரை மட்டும் எழுப்பும். லாஞ்ச்டியும் சிஸ்டம்டியும் இந்த வித்தையைத் தெரிந்துவைத்திருக்கின்றன. 2011-இல் 37சிக்னல்ஸ் நிறுவனம் மேக் கணினிகளுக்காக வெளியிட்ட பவ் என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே போனது. பிரவுசரில் திட்டத்தின் பெயரைத் தட்டினால் அதன் சர்வர் எழும். கால் மணி நேரம் யாரும் சீண்டாவிட்டால் தானே படுத்துவிடும்.

கடைசியாக, பாதுகாப்பு. கையால் ஓட விட்ட சர்வர் ஓடுகிறது என்பது நமக்கு நினைவிருக்கும். தானாக எழுந்ததை மறந்தே போவோம். அது 127.0.0.1-இல் மட்டும் காது கொடுத்தால் கவலையில்லை. எல்லா முகவரிகளிலும் காது கொடுத்தால், கணினியின் ஃபயர்வாலும் தடுக்காவிட்டால், அதே வைஃபையில் இருக்கிற அடுத்தவரும் உங்கள் அரைகுறைத் தளத்தைத் திறந்து பார்க்கலாம். சாம்ப் தொகுப்பின் டேட்டாபேஸோ, நாமாக மாற்றாதவரை, தலைமைக் கணக்குக்குக் கடவுச்சொல்லே இல்லாமல்தான் வருகிறது. முதலில் அதற்கு ஒரு கடவுச்சொல் வையுங்கள். பிறகு விண்டோஸில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, தினமும் தேவைப்படாத சர்வரை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.