கரையேறும் படகும் பழைய எண்ணெயும்

செங்கல் கிராமம் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, கடலிலிருந்து சில கல் உள்ளடங்கி இருக்கிறது. தென்னையும் வாழையும் மரச்சீனியும் விளையும் ஊர். அலையோசை கேளாத ஊர். ஆயினும் பூவாறும் பொழியூரும் நமக்கு அண்டையூர்கள் ஆதலின், கடலோர மக்களின் கவலைகள் மீன் கூடையோடு நம் சந்தைக்கும் வந்து சேர்கின்றன. இடவப்பாதி மழை இறங்கும் நாள்களில் அக்கரையில் ஆண்டுதோறும் எழும் ஒரு கேள்வியைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். கரையேற்றி நிறுத்தப்போகும் படகின் எஞ்சினுக்கு எண்ணெயை எப்போது மாற்றுவது? நிறுத்துவதற்கு முன்னரா, மீண்டும் கடலில் இறக்குவதற்கு முன்னரா?

கேள்வி சிறியது, அதன் பின்னே நிற்கும் பொருள் சிறியதன்று. மனைவியின் நகையை அடகு வைத்தும், மீன் வியாபாரியிடம் முன்பணம் பெற்றும் வாங்கிய எஞ்சின்கள் நம் கரையில் பல. கடனின் பாதி அடையுமுன்னே எஞ்சின் தேய்ந்து போகுமாயின், அக்குடும்பம் அடுத்த கடனுக்குக் கையொப்பமிட வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று வந்த ஓகிப் புயலை இக்கடற்கரை மறந்துவிடவில்லை. கரை தெரியாத தொலைவில், காற்று மாறும் வேளையில், எஞ்சின் நம்பியபடி ஓட வேண்டும் என்பதை இம்மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

படகுகள் ஓய்வு கொள்ளும் காலம் எது என்பதை முதலில் கூறிவிடுவோம். கேரளத்தில் 1988-ஆம் ஆண்டில் தொடங்கிய மழைக்கால இழுவலைத் தடை இப்போது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை, 52 நாள் நடக்கிறது. எல்லையைத் தாண்டி நீரோடிக்குச் சென்றால் அது தமிழ்நாடு. அங்கே மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் ஓய்வு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரையப்பட்ட கோடு மீனுக்குத் தெரியாது, படகுக்குத் தெரியும். அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய சிறு வள்ளங்களுக்குக் கேரளத்தில் இத்தடை இல்லை. எனினும் பொழியூர் போன்ற திறந்த கரையில் மழைக்கால அலையைக் கடந்து வள்ளம் இறக்குவது எளிதன்று. விழிஞ்ஞம் துறைமுகத்திற்குச் சென்று தொழில் செய்வோர் செல்ல, ஏனையோரின் வள்ளங்கள் தென்னை நிழலில் கவிழ்ந்து கிடக்கும்.

குளிர்நாடுகளில் இவ்வோய்வு பனிக்காலத்தில் வருகிறது. நார்வேயிலும் கனடாவிலும் இலையுதிர் காலத்திலேயே சிறு படகுகளைக் கரையேற்றுகிறார்கள். எஞ்சினுள் தங்கும் நீர் உறைந்து பருத்தால் இரும்பையே பிளந்துவிடும் என்னும் அச்சம் அவர்களுக்கு. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகளும் செய்த ஒப்பந்தத்தின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் எஞ்சின் படகுகளைப் பரப்பும் பணி தொடங்கியது என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். பனி நமக்கு இல்லை. உப்புக் காற்றும், இரண்டு மாதம் விடாத ஈரமும் இருக்கின்றன. இரும்பை அழிப்பதில் இவை பனிக்கு இளைத்தவை அல்ல.

இனிக் கேள்விக்கு வருவோம். “எண்ணெயை ஏன் இப்போதே வீணாக்க வேண்டும், அண்ணே? ஆடி பிறக்கட்டும், இறக்கும்போது புதிதாக ஊற்றிக்கொள்ளலாம்” என்பதே கரையில் பலரும் கூறும் விடை. புதிய எண்ணெய் இரண்டு மாதம் சும்மா கிடந்து பழசாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். காசை எண்ணிச் செலவிடுகிறவர் கூற்றாதலின், இதை அலட்சியமாகத் தள்ள நாம் விரும்பவில்லை. ஆனால் இது தவறான கணக்கு. நல்ல எண்ணெய் ஓடாத எஞ்சினில் இரண்டு மாதத்தில் கெட்டுப்போவதில்லை. கெட்ட எண்ணெயே அந்த இரண்டு மாதமும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

அது என்ன வேலை? டீசல் எரியும்போது புகைக்கரியும் நீராவியும் அமிலப் பொருள்களும் உண்டாகின்றன. அவற்றுள் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எண்ணெயில் கலக்கிறது. அமிலத்தை அடக்குவதற்கென்றே காரப் பொருள் சேர்த்துத்தான் எண்ணெயைத் தயாரிக்கிறார்கள். ஓட ஓட அக்காரம் செலவாகிவிடுகிறது. நாடெங்கும் 2020 ஏப்ரல் முதல் கந்தகம் மிகக் குறைந்த டீசல் விற்கப்படுவதால் அமிலத்தின் கடுமை முன்போல் இல்லை என்பது உண்மையே. ஆயினும் பல நூறு மணி நேரம் ஓடிய கறுத்த எண்ணெயில் நீரும் அமிலமும் கரியும் இருந்தே தீரும். எஞ்சின் ஓடுகையில் எண்ணெய் சுழன்றுகொண்டிருப்பதால் தீங்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. நின்றுவிட்டாலோ, அந்த நீர் பேரிங்கின் மேலேயே தங்கி, பளபளத்த பரப்பில் ஊசி முனையளவு குழிகளை அரிக்கிறது. ஆடியில் புதிய எண்ணெய் ஊற்றினால் அக்குழிகள் மறைந்துவிடுமா?

எஞ்சினோடு வரும் கைந்நூல்களில் ஒரு சொற்றொடர் தவறாமல் இடம்பெறும். இத்தனை மணி நேரம் ஓடினால், அல்லது இத்தனை மாதம் சென்றால், இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது எண்ணெயை மாற்றுக என்பது அது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த ‘எது முந்துகிறதோ’ என்பதன்மேல் தனி மதிப்பு உண்டு. படிப்போர் பெரும்பாலும் மணிக்கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஓடாத எஞ்சினுக்கும் வயது ஏறுகிறது என்பதைச் சொல்லவே அந்தப் பிற்பகுதி எழுதப்பட்டது.

மாற்றும் முறையில் கவனிக்க வேண்டியது சூடு. குளிர்ந்த எஞ்சினிலிருந்து எண்ணெயை வடித்தால் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். ஆதலின் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, எண்ணெய் இளகி அழுக்கெல்லாம் அதில் மிதக்கும்போது வடிக்க வேண்டும். விசைப்படகில் எஞ்சின் அடித்தளத்தோடு ஒட்டி அமர்ந்திருப்பதால், பல படகுகளில் வடிகுழாய்க்குக் கை எட்டுவதில்லை. எண்ணெய் அளவு பார்க்கும் கோல் நுழையும் துளை வழியாகச் சிறு கைப்பம்பைக் கொண்டு உறிஞ்சி எடுப்பதே வழி. வடிகட்டியையும் அப்போதே மாற்ற வேண்டும். பழைய வடிகட்டியில் தேங்கிய அழுக்கெண்ணெய் புதியதோடு கலக்குமாயின் குளித்துவிட்டு அழுக்கு வேட்டியைக் கட்டியது போலத்தான். புதிய எண்ணெய் ஊற்றியபின் சில நிமிடம் ஓடவிட்டால், அது எல்லா உறுப்புகளிலும் படர்ந்து மெல்லிய போர்வையாக நிற்கும். பின்னர் நிறுத்தி, சற்றுப் பொறுத்து, அளவைச் சரிபார்க்கலாம். டீசல் தொட்டியை நிரப்பி வைப்பதும் நன்று. வெற்றிடம் இருந்தால் ஈரக்காற்று உட்புகுந்து நீராகத் துளிர்க்கும்.

வள்ளத்தின் அவுட்போர்டு எஞ்சின் கதை வேறு. மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய்த் தொட்டி என ஒன்று அடியில் இல்லை. எண்ணெய் எரிபொருளோடு கலந்தே சென்று எரிந்துவிடுகிறது. “அப்படியானால் நமக்கு மாற்ற ஒன்றுமில்லை” என்று அமைதி கொள்வோரும் உண்டு. நீருக்குள் அமிழ்ந்திருக்கும் கால்பகுதியில் கியர்கள் இருக்கின்றன; அவற்றுக்குத் தனி எண்ணெய் உண்டு. அங்கேதான் ஆபத்தும் உண்டு. தூண்டில் நைலானோ வலை இழையோ சுழலியின் தண்டில் சுற்றிக்கொண்டு சீலை அறுத்தால், உப்பு நீர் உள்ளே புகும். கீழ்த் திருகாணியைக் கழற்றி, பின் மேல் திருகாணியைக் கழற்றினால் எண்ணெய் இறங்கும். அது மோர் போல வெளுத்து இறங்கினால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அந்த எஞ்சினை அப்படியே இரண்டு மாதம் சாத்தி வைத்தவர், ஆகஸ்டில் துருப்பிடித்த கியரைத்தான் காண்பார். ஜூன் மாதத்தில் கண்டுபிடித்தால் செலவு ஒரு சீலோடு முடியும். எண்ணெயை இப்போதே மாற்றச் சொல்வதற்கு நம் கருத்தில் இதுவே தலையாய காரணம். எண்ணெய் வெளியே வந்தால்தான் உள்ளே நடப்பது தெரிகிறது. புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் தளும்பியதும் மேலே முதலில் அடைத்து, கீழே பிறகு அடைக்க வேண்டும். காற்று உள்ளே தங்காதிருக்க இம்முறை.

இதற்கெல்லாம் முன்பாக, நன்னீர் நிரப்பிய பீப்பாயில் எஞ்சினைச் சற்று ஓட்டி உப்பைக் கழுவிவிடுவர். அவ்வோட்டத்தின் முடிவில் மண்ணெண்ணெயை நிறுத்திப் பெட்ரோலில் ஓட்டினால் கார்புரேட்டர் தூய்மையாகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சில துளி எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்துச் சுழற்றிவிட்டால் சிலிண்டரின் சுவரும் நனைந்துவிடும். கர்க்கடக மாதத்தில் எண்ணெய் தேய்த்து, மருந்துக் கஞ்சி குடித்து, ஓர் ஆண்டின் உழைப்பிற்கு உடம்பைத் தேற்றிக்கொள்வது இந்நாட்டு வழக்கம். எஞ்சினுக்கும் அதே மாதம் வாய்த்திருக்கிறது.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தீங்கையும் கூற வேண்டும். ஓய்வில் இருக்கும் எஞ்சினை வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது சிலருக்கு வழக்கம். அந்த ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூடு அடைவதில்லை. எரிதலால் உண்டான நீராவி வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்து நீராகிறது. புதிய எண்ணெயைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. உறங்குகிறவனை உறங்க விடுவதே நலம்.

வடித்த பழைய எண்ணெய் எங்கே போகிறது? அகத்திய மலையில் பிறந்து வரும் நெய்யாறு பூவாறில் கடலோடு கலக்கிறது. ஆற்றின் பெயரில் நெய் இருக்கிறது என்பதற்காகக் கறுத்த எண்ணெயை அதன் வாயில் ஊற்றலாமா? கழிமுகத்தில் சேற்றிலும் கண்டல் வேரிலும் படியும் அவ்வெண்ணெயில் தேய்ந்த உலோகத் துகளும் கலந்திருக்கிறது. மீன் குஞ்சுகள் வளரும் இடமும் அதுவே. பண்டை நாளில் மரப்படகின் பலகைக்கு மத்தி மீனின் நெய்யைப் பூசிக் காத்தனர். அது கடலிலிருந்து வந்தது, கடலுக்குப் போனது. எஞ்சின் எண்ணெயைப் பலகைக்குப் பூசுவது அதன் தொடர்ச்சி ஆகாது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே செல்ல வேண்டும். ஒரு டின்னில் ஊற்றி, நீர் கலவாமல் மூடி, எண்ணெய் வாங்கிய கடையிலோ துறைமுகப் பணிமனையிலோ சேகரிப்பவர் உண்டா என்று கேட்டு ஒப்படைப்பதே முறை.

எண்ணெய் மாற்றிய தேதியையும் அதன் வகையையும் எஞ்சின் மூடியின் உட்புறத்தில் பெயிண்டினால் எழுதி வைத்துவிடலாம். ஜூலை 31 நள்ளிரவில் துறையெங்கும் விளக்குகள் ஏற்றி, ஐஸ் கட்டி ஏற்றும் அவசரத்தில், கோலை உருவித் துடைத்து எண்ணெயின் அளவும் நிறமும் ஒருமுறை பார்த்தால் போதும். அன்று மாற்றுவதற்கு ஒன்றும் இராது.