சருகின் கரிமம் மண்ணில் தங்க வேண்டும்

  

மண்ணின் கரிமத்தைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்கு இரும்பை மிகப் பொருத்தமான ஊர். சம்பந்தர் பாடிய மாகாளத் தலம் இது. ஏரிப்பாசனம் கண்ட ஊர். ஆனால் இதையொட்டிய செம்மண் மேடு அரை நூற்றாண்டுக்கு முன்னர் மரமின்றிக் கிடந்தது. ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோனது. 1968இல் ஆரோவில் நகரம் தொடங்கிய பிறகு, அங்கு குடியேறியவர்கள் கரை கட்டி மழைநீரை நிறுத்தினார்கள். கத்திச்சவுக்கையும் நாட்டு மரங்களையும் நட்டு வளர்த்தார்கள். சுற்றியுள்ள ஊர் மக்களின் உழைப்பும் அதில் உண்டு. இன்று அங்கே மரம் இருக்கிறது, மரத்தடியில் சருகு இருக்கிறது. அந்தச் சருகிலுள்ள கரிமம் எங்கே போகிறது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

சருகு மேலாகக் கிடந்து மட்கினால், அதன் கரிமத்தில் பெரும்பகுதி கரியமில வாயுவாகிக் காற்றோடு கலந்துவிடும். அதை மண்ணுக்குள் கொண்டுசேர்ப்பது மண்புழு. தமிழகத்தில் பரவலாக வாழும் ‘லாம்பிடோ மாரிட்டி’ சருகையும் மண்ணையும் சேர்த்தே உண்கிறது. மழை ஓய்ந்த மார்கழிக் காலையில் அது வெளித்தள்ளிய நாங்கூழ்க் கட்டி ஒன்றை உடைத்து, உருப்பெருக்கியில் பாருங்கள். இலைத்துணுக்குகளைச் சுற்றிக் களிமண் அப்பியிருக்கும். புழுவின் குடலில் ஊறிய கோழையே அதற்குப் பசை. கட்டி காய்ந்து இறுகியதும் உள்ளே காற்று குறைகிறது. நுண்ணுயிர்களுக்கு இலை எளிதில் எட்டுவதில்லை. இலையை எட்டிய நுண்ணுயிர்கள் தின்று மடிந்தாலும், அவற்றின் எச்சம் களிமண்ணிலும் இரும்பு ஆக்சைடுகளிலும் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஆக்சைடுகளால் சிவந்த மண்தான் நம்முடையது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மண்புழு உள்ள மண்ணிலிருந்து கரியமில வாயு 33 சதவீதம் கூடுதலாக வெளியேறுவது தெரிந்தது. ஆனால் ஐவரி கோஸ்டின் லாம்டோ புல்வெளி மண்ணை ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வாளர் மார்ட்டின், 1991இல் வேறொன்றைக் காட்டினார்: ஒப்பீட்டுக்கு வைத்த சலித்த மண்ணில் கரிமம் ஆண்டுக்கு 11 சதவீதம் என்ற வேகத்தில் குறைந்தது; புழு வெளித்தள்ளிய மண்ணில் 3 சதவீதமே குறைந்தது. இரண்டும் உண்மையே. புழு முதலில் கொஞ்சம் செலவழிக்கிறது, பிறகு நெடுநாள் காக்கிறது. சில வாரச் சோதனையில் செலவு மட்டுமே கண்ணில் படும். ஆகவே இந்த ஆய்வுக்குப் பொறுமை மிக அவசியம்.

மண்புழுவின் அருமையை நம் உழவர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில் முதன்மையானவர். ஆயினும் மண்புழு என்றதும் உரத்தொட்டியை மட்டும் நினைப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. தொட்டியில் வளர்க்கும் புழுக்கள் சாணத்திலும் மட்கிலும் வாழ்பவை. அவை தரும் உரம் நல்லது. கரிமத்தை மண்ணோடு பிணைக்கும் வேலையோ நிலத்தில் வளையிட்டு வாழும் நாட்டுப் புழுக்களுடையது. அவற்றைக் கடையில் வாங்கி விட முடியாது, வாழவிட வேண்டும். அதற்கு நிலத்தில் மூடாக்கும் ஈரமும் வேண்டும். அடிக்கடி ஆழ உழுதால் வளைகள் சிதையும், கட்டிகள் நொறுங்கும், காத்துவைத்த கரிமமும் வெளியேறும்.

இங்கு கூடியுள்ள மண்ணியல் அறிஞர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். மேட்டுத் தோப்பு, முந்திரிக் கொல்லை, மணிலாக் கடலை நிலம், ஏரிக்கீழ் வயல் ஆகிய நான்கிலும் ஒரே முறையில், பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து பாருங்கள். மேல்மண்ணோடு நிற்காமல் ஆழத்திலும் மண் எடுங்கள். கிடைத்த முடிவை அந்தந்த நிலத்துக்காரரிடம் தமிழில் சொல்லுங்கள். நட்ட மரங்களை எண்ணிப் பெருமைப்படுகிறோம். அந்த மரங்கள் உதிர்த்த சருகில் எவ்வளவு மண்ணில் தங்கியது என்பதையும் எண்ணினால்தான் கணக்கு முழுமையாகும்.

அந்தப் பணிக்கு இக்கருத்தரங்கு அடித்தளம் இடும் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்கிவைக்கிறேன்.