முறையீடும் மிரட்டலும்



சொல்லைப் போற்றும் அவையில், பொய்ச் சொல் ஒன்று ஆசிரியர் ஒருவரின் உயிரைக் குடித்த வரலாற்றை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே.

பாரிஸ் நகரின் வடமேற்கே கான்ஃப்ளான் என்னும் ஊரின் அரசுப் பள்ளியில் வரலாறும் புவியியலும் கற்பித்தவர் சாமுவேல் பாத்தி. 2020 அக்டோபர் தொடக்கத்தில், கருத்துரிமை பற்றிய பாடத்தின்போது, ஷார்லி ஹெப்டோ இதழில் வந்த நபிகள் நாயகம் பற்றிய கேலிச்சித்திரங்களை அவர் காட்டினார். காண விரும்பாதோர் கண்களைத் திருப்பிக்கொள்ளலாம் என முன்னரே கூறியிருந்தார்.

அவ்வகுப்பில் இல்லாத 13 வயது மாணவி ஒருத்தி, வேறு காரணத்துக்காகத் தான் இரு நாள் விலக்கப்பட்டதைப் பெற்றோரிடம் மறைக்க விரும்பினாள். முஸ்லிம் மாணவரை ஆசிரியர் வெளியேறச் சொன்னதாகவும், அதை எதிர்த்ததால் தான் தண்டிக்கப்பட்டதாகவும் கதை புனைந்தாள். தந்தை அதை மெய்யெனக் கொண்டு, ஆசிரியரின் பெயரையும் பள்ளியையும் குறிப்பிட்டு இணையத்தில் காணொளி பரப்பினார். மிரட்டல்கள் குவிந்தன. அக்டோபர் 16 அன்று, ஆசிரியரை அறிந்தேயிராத 18 வயது இளைஞன் ஒருவன், மாணவர் சிலருக்குப் பணம் கொடுத்து அவரை அடையாளம் கண்டு, வீடு திரும்பும் வழியில் கழுத்தை அறுத்துக் கொன்றான். பாத்திக்கு அப்போது வயது 47. அவரது பையில் ஒரு சுத்தியல் இருந்தது. பாடம் சொல்லப் போகிறவர் தற்காப்புக்குச் சுத்தியல் சுமக்க நேர்ந்த அந்நிலையிலேயே பள்ளி தோற்றுவிட்டது.

சமய உணர்வு புண்படுதல் உண்மையான வேதனையே. பிள்ளைக்காகப் பெற்றோர் கேள்வி கேட்பதும் உரிமையே. ஆனால், முறையீடு தலைமையாசிரியரின் அறைக்குச் சென்று விடைக்குக் காத்திருக்கும். மிரட்டலோ தெருவுக்குச் சென்று ஆள் திரட்டும். இவ்வேறுபாட்டைப் பிரான்ஸ் 2021 ஆகஸ்ட் 24ஆம் நாள் சட்டத்தில் எழுதியது. விதிகளிலிருந்து விலக்குப் பெறும்பொருட்டுப் பொதுப்பணியாளரை மிரட்டுவோர்க்கு 5 ஆண்டுச் சிறையும் 75,000 யூரோ தண்டமும் விதிக்க அது வகைசெய்தது. ஆயினும் 2023 அக்டோபர் 13 அன்று, அராஸ் நகர அரசுப் பள்ளியில் இலக்கிய ஆசிரியர் தொமினிக் பெர்னார் முன்னாள் மாணவன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் பாத்தி வழக்கில் மாணவராயிருந்த அறுவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். ஆசிரியர் வீழ்ந்த இடத்தில் பிள்ளைகளும் வீழ்ந்தனர்.

சட்டம் பெரும்பாலும் குற்றத்தின் பின்னே வருவது. முதல் மிரட்டல் எழும் நாளிலேயே உடன் பணியாற்றுவோரும், நிருவாகமும், உண்மை அறிந்த பெற்றோரும் ஆசிரியரின் அருகில் வந்து நிற்பதே காவல்.

2020 அக்டோபர் 21 அன்று சொர்போனில் நடந்த அஞ்சலியில், நோபல் பரிசு பெற்ற 1957ஆம் ஆண்டில் ஆல்பெர் காம்யு தம் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு எழுதிய நன்றிக் கடிதம் வாசிக்கப்பட்டது. அக்கடிதத்தைப் பெற்ற ஆசிரியர் அதைத் தம் கையால் பிரித்துப் படித்தார். பாத்திக்கு முன்னே அது வாசிக்கப்பட்டபோது அவர் பேழைக்குள் இருந்தார். ஆசிரியர்க்குரிய நன்றி, அவர் கேட்கும் காலத்திலேயே சொல்லப்படுவதாக.