ஒரு சொல்லும் பல பொருளும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



ஆங்கிலத்தில் டி, ஏ, பி என்று மூன்றே எழுத்தில் ஒரு சொல் உண்டு. ‘டேப்’ என்கிறோம். ஒட்டுகிற டேப் வேறு. தண்ணீர்க் குழாய்க்கு இந்தப் பெயர். கதவை மெல்லத் தட்டினால் அதற்கும் இதே பெயர். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏற அட்டையைத் தொட்டு எடுக்கிறோமே, அதுவும் டேப்தான். நம் பாட்டன் பாட்டி பால்மரத்தில் செய்த வேலைக்கும் அதுவே பெயர்.

மலாயில் தட்டுவதற்குக் ‘கெத்தோக்’, பால்மரத்துக்குத் ‘தோரே’ என்று தனித்தனிச் சொல் உண்டு. சீனர்கள் ‘ரப்பர் அறுத்தல்’ என்பார்கள். நாமோ ‘மரம் வெட்டு’ என்றோம். ஆகையால் நம் பிள்ளையும் சீனப் பிள்ளையும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

“என் தாத்தா மரம் வெட்டினார்” என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால், தாத்தா மரத்தைச் சாய்த்தவர் ஆகிவிடுகிறார்! உண்மை என்ன? விடியுமுன்னே வெட்டுக்காட்டுக்குப் போய், உளியால் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவியவர் அவர். உளி கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை சரியாக வளராது. 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி துரை, மரம் கெடாமல் பழைய வெட்டையே மறுபடி சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதைத் தோட்டந்தோறும் செய்து காட்டியதில் நம்மவர் கைக்குப் பெரும்பங்கு உண்டு.

பீப்பாயின் அடைப்பைத் திறந்து உள்ளே இருப்பதை வடிப்பதற்கு ஆங்கிலேயர் வைத்திருந்த சொல்லே பால்மரத்துக்கும் வந்தது. குழாயும் அந்த வழிதான். தட்டுவது வேறு வழியில் வந்த சொல். எழுத்து மட்டும் ஒன்று.

மாணவர்களே, ஒரு சொல்லுக்கு ஒரே பொருளை மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கத்தில் நிற்பது தண்ணீரா, கதவா, பால்மரமா என்று பாருங்கள்.

பெற்றோர்களே, “எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க, சார்” என்று ஒதுங்கிவிடாதீர்கள். கிள்ளான் வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; பல தோட்டங்களில் அதுவும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. உளி பிடித்த பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வேலையைப் பிள்ளைக்கு அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள், கையால் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை தன் தாத்தாவின் தொழிலைச் சரியாக எழுதட்டும்.